முதல் கிளை எது? - சரியான விடையும் தப்பிப்போன கண்ணும்

காரிமங்கலம் பஸ் நிறுத்தம். தர்மபுரி பஸ்ஸுக்காக ஒரு மருத்துவ மாணவி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வினா-விடைப் புத்தகம். அதில் ஒரு கேள்வி: "ஆஃப்தால்மிக் ஆர்ட்டரியின் முதல் கிளை எது?" நான்கு விடைகள். யோசிக்கவே வேண்டாம். சென்ட்ரல் ரெட்டினல் ஆர்ட்டரி. டிக். ஒரு மார்க். அடுத்த கேள்வி.

அதே நிழற்குடையில் ஒரு பெரியவர். வாரச்சந்தைக்குத் தேங்காய் கொண்டுவந்தவர். காலையிலிருந்து இடது கண்ணில் "சுத்தியும் துணி போட்டு மூடின மாதிரி" இருக்கிறது என்கிறார். வலி இல்லை. சிவப்பு இல்லை. நடுவில் மட்டும் நன்றாகத் தெரிகிறது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பஸ் போர்டைக்கூடப் படித்துக் காட்டுகிறார். "கண்ணாடி மாத்தணும் போல பாப்பா" என்று சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். பஸ் வந்துவிடுகிறது.

இருவரும் கற்பனைதான். ஆனால் இந்தக் காட்சி எந்த ஊரிலும் எந்த நாளும் நடக்கக்கூடியது. அந்தப் பெரியவருக்கு வந்திருப்பது பக்கவாதத்தின் உடன்பிறப்பாக இருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், அவருடைய கண்ணின் ரத்தக்குழாய் புத்தகத்தில் உள்ள படம் மாதிரி இல்லாததுதான். அந்த மாணவிக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம், அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அந்த ஒரே ஒரு படம் என்பதுதான்.

உடற்கூறியலில் "மாறுபாடுகள்" என்ற பகுதியைச் சின்ன எழுத்தில் போட்டு, "எக்ஸாமுக்கு வராது, விட்டுடு" என்று தாண்டிப் போகும் பழக்கம் ஒரு சோம்பேறித்தனம். கண் விஷயத்தில் அது ஆபத்தான சோம்பேறித்தனம்.

முதலில் அந்த ஒரு மார்க் கேள்வி

கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் இன்டர்னல் கரோடிட் என்ற பெரிய தமனி, மண்டையோட்டுக்குள் நுழைந்து வளைந்து மேலே வந்ததும் கண்ணுக்கு ஒரு கிளையை அனுப்புகிறது. அதுதான் ஆஃப்தால்மிக் ஆர்ட்டரி. தமிழில் கண் தமனி. பார்வை நரம்பு வெளியேறும் அதே எலும்புத் துளை வழியாக இது கண்குழிக்குள் நுழைகிறது. நுழைந்த பிறகு நரம்பைக் குறுக்கே கடந்து மூக்குப் பக்கம் போகிறது. வழியில் விழித்திரைக்கு ஒரு கிளை, அதற்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற அடுக்குக்குச் சில கிளைகள், தசைகளுக்கு, கண்ணீர்ச் சுரப்பிக்கு, நெற்றிக்கு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டே போகிறது.

இந்தப் படத்தைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். நரம்புக்கு மேலாகக் கடக்கும் ஒரு சிவப்புக் கோடு. முதல் கிளை, விழித்திரைக்குப் போகும் மையத் தமனி.

இப்போது பாட்டியாலாவுக்குப் போகலாம். பஞ்சாபில் உள்ள அந்த ஊரின் அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் சோஹன் சிங் ஹேரே என்ற இளைஞர், ராம்ஜி தாஸ் என்பவரோடு சேர்ந்து, இறந்தவர்களின் கண்குழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பெரிய கருவிகள் கிடையாது. தமனிக்குள் திரவ லேடெக்ஸைச் செலுத்தி, அது கெட்டியான பிறகு பொறுமையாகப் பிரித்து, எது எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டார்கள். 1960-லும் 1962-லும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆஃப்தால்மாலஜியில் அந்தக் கட்டுரைகள் வந்தன. கண் தமனியைப் பற்றி உலகத்தில் யார் எழுதினாலும் இன்றைக்கும் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது. ஹேரே பிறகு லண்டன், எடின்பரோ, அமெரிக்காவின் அயோவா என்று போய்க் கண்ணின் ரத்த ஓட்டத்துக்கே உலகப் பெயர் ஆனார். தொடங்கியது ஒரு இந்திய அரசுக் கல்லூரியின் பிண அறையில்.

அவர்கள் கண்டது என்ன? நூற்றுக்குச் சுமார் 83 கண்குழிகளில் தமனி நரம்புக்கு மேலாகக் கடக்கிறது. மீதி 17-ல் கீழாகக் கடக்கிறது. கீழாகக் கடக்கும்போது கிளைகளின் வரிசையே மாறிவிடுகிறது. பொதுவாக, அங்கே முதல் கிளை விழித்திரைத் தமனி இல்லை. கோராய்டுக்குப் போகும் வெளிப்பக்க சிலியரித் தமனி. விழித்திரைத் தமனி இரண்டாவதாகத்தான் வருகிறது.

ஆக, நான்கு விடையில் ஒன்றுக்கு டிக் போட்டு மார்க் வாங்கும் அந்தக் கேள்விக்கு, ஏறக்குறைய ஆறு கண்ணில் ஒரு கண் "தப்பு" என்கிறது! விடைத்தாள் சரியாம், கண் தப்பாம். உயிரோடு இருக்கும் கண்ணைத் தப்பு என்று சொல்லும் பாடத்தை என்னவென்று சொல்வது?

அது மட்டுமா. கோராய்டுக்குப் போகும் பின் சிலியரித் தமனிகள் எத்தனை? அதே ஆய்வில் ஒன்று முதல் ஐந்து வரை இருந்தன. இரண்டோ மூன்றோ இருப்பது அதிகம். ஆனால் எண்ணிக்கை இதுதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஒவ்வொரு தமனியும் தனக்கென்று ஒரு பகுதியை வைத்துக்கொண்டு அதற்கு மட்டும்தான் ரத்தம் கொடுக்கிறது. அந்தப் பகுதிகளின் எல்லைக்கோடு ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் விழுகிறது. ரத்த அழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது அந்த எல்லைதான், கடைமடை வயல் மாதிரி. ஒருவருடைய எல்லைக்கோடு பார்வை நரம்பின் தலை மேலேயே விழுந்திருந்தால், அவர் மற்றவர்களைவிட ஆபத்தில் இருக்கிறார். இதையும் ஹேரேதான் சொன்னார்.

இது கோளாறா? இல்லை

"மாறுபாடு" என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏதோ பிறவிக் குறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. மாணவர்களும் சேர்த்து. அது அப்படி இல்லை.

கருவின் ஆரம்ப வாரங்களில் கண்ணுக்கு ஒரே குழாயில் ரத்தம் வருவதில்லை. முன்னும் பின்னுமாகச் சில ஆதித் தமனிகள் வருகின்றன. பார்வை நரம்பைச் சுற்றி ஒரு தமனி வளையம் உருவாகிறது. வளர வளர வளையத்தின் ஒரு பக்கம் சுருங்கி மறைந்துவிடுகிறது. எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அது நரம்புக்கு மேலாகப் போகும் வழி அல்லது கீழாகப் போகும் வழி. அவ்வளவுதான். மேலே மிஞ்சியது இயல்பு, கீழே மிஞ்சியது பிழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பார்க்கின்றன.

ஒரே ஆளுக்கே வலது கண்ணில் ஒரு மாதிரியும் இடது கண்ணில் வேறு மாதிரியும் இருக்கலாம். இதைவிடத் தெளிவாக இயற்கை எப்படிச் சொல்லும்?

காரிமங்கலம் தெருக்குழாய்

சரி, வரிசை மாறினால் மாறிவிட்டுப் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்தத் தேங்காய்ப் பெரியவரிடம் இருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர்க் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது; 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது காரிமங்கலத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். வீடு முழுக்க மெயின் பைப் தண்ணீர். ஆனால் எப்போதோ யாரோ போட்ட ஒரு சின்ன லைன், பின்தெரு போர்வெல்லிலிருந்து நேராகச் சமையலறைக்கு மட்டும் வருகிறது. மெயின் பைப் அடைத்த நாளில் என்ன ஆகும்? குளியலறை, கொல்லை, தொட்டி எல்லாம் காயும். சமையல் மட்டும் நடக்கும். வீட்டுக்காரர், "சமையல் நடக்குதே, பைப் நல்லாத்தான் இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டால்?

கண்ணிலும் அப்படி ஒரு பின்தெரு லைன் உண்டு. அதன் பெயர் சிலியோரெட்டினல் ஆர்ட்டரி. விழித்திரைக்கு வழக்கமாக ரத்தம் கொடுப்பது மையத் தமனி. ஆனால் சுமார் மூன்றில் ஒரு கண்ணில், கோராய்டுக்குப் போகும் சிலியரிக் குழாய்களிலிருந்து ஒரு சின்னக் கிளை தனியாகக் கிளம்பி, பார்வை நரம்பின் ஓரமாக எட்டிப்பார்த்து, விழித்திரையின் ஒரு துண்டுக்கு ரத்தம் கொடுக்கிறது. அந்தத் துண்டு பெரும்பாலும் மாக்குலா பக்கம் இருக்கிறது. எழுத்துப் படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்த மாக்குலாவின் நடுப்புள்ளியால்தான். வீட்டுக்குச் சமையலறை மாதிரி.

மூன்றில் ஒன்று! இதையா "அபூர்வம்" என்று சின்ன எழுத்தில் போடுவது?

மையத் தமனி திடீரென்று அடைத்துக்கொள்ளும் நோயை 1859-லேயே ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே விவரித்துவிட்டார். வலியே இல்லாமல் ஒரு கண் நிமிடத்தில் இருண்டுபோகும். கழுத்துத் தமனியின் சுவரில் படிந்த கொழுப்பிலிருந்தோ இதயத்திலிருந்தோ புறப்பட்ட துணுக்கு வந்து அடைப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதே துணுக்கு இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் மூளை. அதாவது பக்கவாதம். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதைப் பக்கவாதத்தின் ஒரு வகையாகவே பார்க்கச் சொல்கிறது. இந்த அடைப்பு வந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும் மூளையில் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம்.

இப்போது பெரியவருக்கு வாருங்கள். மையத் தமனி அடைத்துவிட்டது. விழித்திரையின் பெரும்பகுதி மூச்சுத் திணறுகிறது. ஆனால் பின்தெரு லைன் நடுப்புள்ளிக்கு ரத்தம் கொடுக்கிறது. போர்டு தெரிகிறது. கண்ணாடிக் கடையில் உட்கார வைத்து எழுத்துப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரைக்கும்கூடப் படிக்கலாம். "ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் தெரியுது." வீட்டுக்குப் போகிறார். அவரைக் காப்பாற்றிய அதே மாறுபாடு அவருடைய நோயை மறைத்துவிட்டது. கழுத்துத் தமனியை யாரும் பார்க்கவில்லை. இதயத்தை யாரும் பார்க்கவில்லை. அடுத்த துணுக்கு எங்கே போகும்?

படித்த மாணவி செய்திருக்க வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணின் நாலு பக்கமும் விரலை நீட்டி "தெரியுதா தாத்தா?" என்று கேட்பது. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்து, கண்மணி சுருங்குகிறதா, விரிகிறதா என்று பார்ப்பது. விழித்திரையின் பெரும்பகுதி செத்துக்கொண்டிருந்தால், எழுத்துப் படித்தாலும் கண்மணி காட்டிக்கொடுத்துவிடும். செல்போன் டார்ச்சே போதும். ஆனால் "நடுப்பார்வை இருந்தாலும் தமனி அடைத்திருக்கலாம்" என்று தலைக்குள் ஒரு மணி அடிக்க வேண்டும். மாறுபாட்டைப் படிக்காத தலையில் அந்த மணி அடிக்காது.

நேரக் கணக்கு

ஹேரே பிற்காலத்தில் குரங்குகளின் கண்களில் மையத் தமனியை அடைத்துச் சோதித்தார். சுமார் 97 நிமிடம் வரை விழித்திரை தாங்கியது. 240 நிமிடம் ஆனபோது பெருமளவு மீளாத சேதம். அதாவது நாலு மணி நேரம்.

காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டியே போகிறது. அந்தப் பக்கம் கிருஷ்ணகிரியிலும் 2022-லிருந்து ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. 108-க்குக் கூப்பிட்டால் வண்டி வரும். ஆக, தூரம் இங்கே பிரச்சினை இல்லை. நேரம் சாலையில் கரைவதில்லை. "ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்பதிலும், மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்திலும், விளக்கெண்ணெயிலும், கண்ணாடிக் கடை வரிசையிலும் கரைகிறது.

அடைத்த மையத் தமனியைத் திறந்து பார்வையை உறுதியாக மீட்டுத் தரும் சிகிச்சை என்று இதுவரை எதுவும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்பதும் உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்க வழி இருக்கிறது. அந்த வழி தொடங்குவது, முதலில் பார்க்கிறவர் நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதில்தான்.

"இதெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் வேலை"

எதிர்த்தரப்பு வாதம் தெரிந்ததே. எம்பிபிஎஸ் மாணவர் தலையில் ஏற்கெனவே மலை. இதில் எந்தத் தமனி மேலே, எது கீழே என்று வேறு ஏற்ற வேண்டுமா? பெரிய மருத்துவமனையில் இருக்கும் நிபுணர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பார்த்துக்கொள்வார், அவரிடம் போய்ச் சேர்ந்தால். அனுப்பி வைக்க வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்.

நிபுணர்களுக்கும் இது விளையாட்டு இல்லை. சிலருக்குக் கண் தமனி இன்டர்னல் கரோடிடிலிருந்து வராமல், மூளை உறைக்கு ரத்தம் கொடுக்கும் மிடில் மெனின்ஜியல் ஆர்ட்டரியிலிருந்து கிளம்புகிறது. இது நிஜமாகவே அபூர்வம்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே சின்ன இணைப்புகள் இருப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கும் முதியவர்களுக்கு, அந்த மெனின்ஜியல் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை இப்போது பரவிவருகிறது. அடைப்பதற்கு முன் அங்கிருந்து கண்ணுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தைச் செலுத்தினால், மூளையைக் காப்பாற்றப் போய்க் கண் போய்விடும்.

குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு, 2006-ல் நியூயார்க்கில் டேவிட் அப்ரம்சனும் பியர் கோபினும், தொடையிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்திக் கண் தமனியின் வாசலிலேயே மருந்து கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் இது செய்யப்படுகிறது. சில குழந்தைகளுக்கு அந்த வாசல் வழக்கமான இடத்தில் இருக்காது. அப்போது மெனின்ஜியல் தமனி வழியாகச் சுற்றிப் போய் மருந்து கொடுக்கிறார்கள். மாறுபாடு தெரிந்தவருக்கு அது மாற்றுவழி. தெரியாதவருக்கு அது முட்டுச்சந்து. நடுவில் இருப்பது ஒரு குழந்தையின் கண்.

மூக்கை எடுப்பாக்க, நெற்றிச் சுருக்கத்தை நிரப்ப ஊசி போடும் கடைகளும் பெருகிவிட்டன. மூக்குப் பாலத்திலும் நெற்றியிலும் ஓடும் குழாய்கள் கண் தமனியின் கடைசிக் கிளைகள். ஊசி தவறிக் குழாய்க்குள் போய் அழுத்தமாக ஏற்றப்பட்டால், மருந்து எதிர்த்திசையில் ஓடி விழித்திரைத் தமனியை அடைக்கும். இப்படிக் கண் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தக் குழாய்கள் ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு இடத்தில் ஓடுகின்றன. படத்தில் பார்த்த இடத்தைத் தவிர்த்துக் குத்தினேன் என்பது பாதுகாப்பு ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் "எக்ஸாமுக்கு வராது" என்பவர்களிடம் ஒரே கேள்வி. தேர்வு யாருக்காக?

செய்யக்கூடியது

செலவில்லாத இரண்டு காரியங்கள்.

ஒன்று, கேள்வியை மாற்றுவது. "முதல் கிளை எது?" என்பதற்குப் பதிலாக, "பெரும்பாலும் முதல் கிளை எது? எப்போது அது மாறும்? மாறினால் என்ன?" என்று கேட்டால் போதும். கேள்வித்தாள் மாறினால் படிப்பு தானாக மாறும். மாணவர்கள் அந்த அளவுக்குப் புத்திசாலிகள்தான்.

இரண்டு, எழுதிவைப்பது. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 10 உடல்களில் கண்குழியைப் பிரித்துப் பார்த்தால், ஆளுக்கு இரண்டு வீதம் 720 கண்குழிகள். மேலே கடந்ததா, கீழே கடந்ததா, எத்தனை சிலியரித் தமனிகள், எங்கிருந்து கிளம்பின என்று ஒரு நோட்டில் நாலு வரி. இந்த விகிதங்கள் ஆய்வுக்கு ஆய்வு கூடக்குறைய வருகின்றன. தமிழ்நாட்டுக் கணக்கு என்ன என்று சொல்ல ஐந்தே வருடம் போதும். பாட்டியாலாவில் அறுபது வருடத்துக்கு முன் இரண்டு பேர் செய்ததை 36 கல்லூரிகள் செய்ய முடியாதா?

உடலைத் தானமாகக் கொடுத்தவர்கள் தங்கள் கண்ணைப் படத்தோடு ஒப்பிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று மூடிவைப்பதற்காகக் கொடுக்கவில்லை. அந்த மேஜையில் கிடக்கும் கண்தான் பாடப்புத்தகம். அச்சடித்தது வெறும் கைடு.

என்றைக்காவது காரிமங்கலம் நிழற்குடையில் அந்தப் பெரியவர் மறுபடியும் சிரித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்கும் மாணவி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "தாத்தா, ஒரு நிமிஷம், இப்படி உட்காருங்க" என்று செல்போன் டார்ச்சைப் போட வேண்டும். பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும்.

பி.கு.: வலியில்லாமல் ஒரு கண்ணின் பார்வை முழுதாகவோ பாதியாகவோ திடீரென்று போனால், சில நிமிடத்தில் தானாகத் திரும்பி வந்தாலும்கூட, அது அவசரம். சொட்டு மருந்து வேண்டாம், கண்ணாடிக் கடை வேண்டாம், காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள்.